ரத்தம் வந்தால்தான் சுத்தம்

காலை ஐந்து பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு பிரஷ். அதைப் பிடித்திருந்த கை அதற்குப் பிறகுதான் தெரிந்தது, கைக்குரிய ஆள் இன்னும் சற்றுப் பிறகு. எதிர்வீட்டு முதல் மாடி பால்கனியில், டியூப்லைட்டுக்குக் கீழே, பனியனும் கட்டம்போட்ட லுங்கியுமாக ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அடிப்பிடித்த பால் பாத்திரத்தைச் சுரண்டுகிறவர்களின் முழங்கை எப்படிப் போய்வருமோ, அப்படிப் போய்வந்தது அவருடைய முழங்கை. சென்னைப் புறநகர் இரும்புலியூரில் நான் குடிவந்த மறுநாள் அது. செய்தித்தாள் அலுவலகத்தில் இரவுப் பணி முடித்து வந்து, வாசல் கேட்டைத் திறந்துகொண்டிருந்தேன். அவர் குனிந்து என்னைப் பார்த்தார். வாயோரம் வழிந்த நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

"ஒண்ணும் இல்ல தம்பி. ரத்தம் வந்தாதான் சுத்தம். கெட்ட ரத்தம் வெளிய போவுது" என்றார்.

எங்கள் அறிமுகம் அதுதான்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் வீட்டுக் கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை புளியும் சாம்பலும் போட்டு அவர் தேய்த்த தேய்ப்பில் எழுத்துகள் எல்லாம் போய், நான் பார்க்கும்போது அது வெறும் பித்தளைத் தகடாகத்தான் இருந்தது. புதிதாக வரும் கூரியர் பையன்கள் அதில் தலை சீவிக்கொள்வார்கள். அவரே தன் பெயரை அழித்துவிட்ட பிறகு நான் எழுதுவது முறையல்ல.

ரயில்வேயில், பெட்டிகளைக் கழுவும் யார்டில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். உலகத்தில் உள்ள பொருட்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: தேய்த்தவை, இன்னும் சரியாகத் தேய்க்காதவை. மென்மையாகச் செய்யும் எதையும் அவர் வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை. அவருடைய ஸ்கூட்டர் நீல நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது, நம்புவதற்கு வண்டியில் ஆதாரம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. என் வண்டியையும் ஒருநாள் கேட்காமலே கழுவிவிட்டார். நான் நன்றி சொன்னேன். அதன்பிறகு உறை வாங்கிப் போட்டுவிட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் புகுந்தது. கீழ்த்தள வீடுகளில் இடுப்பளவு. வடிந்த மறுநாள் மற்றவர்கள் வாசலில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது, அவர் மண்வெட்டி, தென்னந்துடைப்பம், பிளீச்சிங் பவுடருடன் முதல் வீட்டுக்குள் போனார். யாரையும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாட்களில் தெருவே அவர் சொன்னபடி தேய்த்தது. தெருவில் குடியிருந்த அலுவலக மேலாளரும் தேய்த்தார், கல்லூரிப் பேராசிரியரும் தேய்த்தார். "அழுத்துங்க சார், சோறு துன்றீங்கல்ல" என்று பேராசிரியரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். மூன்றாம் நாள் நிவாரணக் கணக்கெடுக்க வந்த அலுவலர் சுவரில் தண்ணீர்க் கோட்டைத் தேடினார். கோடு இல்லை. சுவர் புதிதாக வெள்ளையடித்ததுபோல் இருந்தது. எல்லோரும் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டி நிரூபிக்க வேண்டியதாயிற்று. அவருக்கு அதில் வருத்தம் துளியும் இல்லை. "வெள்ளம் வந்த வூடு மாதிரியே இல்லன்னு சொன்னாரு பாத்தீங்களா" என்று பெருமைப்பட்டார். அலுவலர் அதைப் புகாராகத்தான் சொன்னார் என்பது அவருக்குப் படவில்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா அவருக்கு நேர் எதிர். காலையில் வாசல் தெளித்துவிட்டு, நின்றபடியே சின்ன பிரஷ்ஷால் மெதுவாக நாலு பக்கமும் தேய்த்து, கொப்பளித்துத் துப்பிவிட்டுக் காப்பிக்குப் போய்விடுவார். கணவருக்கு அது பெரிய மானக்கேடு. "பல்லுக்கு பவுடர் பூசுறா தம்பி இவ" என்பார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "என் பல்லு உன்ன இன்னாய்யா பண்ணுச்சு" என்பார். இந்த உரையாடல் வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும்.

பல் மருத்துவரிடம் அவர் போனதே இல்லை. ஈறு வீங்கினால் கிராம்பும் கல்லுப்பும் வைத்து அழுத்துவார். கீழ்வரிசையில் இரண்டு பற்கள் ஆடத் தொடங்கியபோது, ஓடுகிற வண்டியில் போல்ட் தளருவதுபோல வயதானால் பல்லும் தளரும் என்று விளக்கம் சொன்னார். முறுக்கை டீயில் ஊறவைத்துச் சாப்பிட்டார். ஈறுகள் பின்வாங்கி, பற்கள் நீண்டுபோய்த் தெரிந்தன. அதையும் தேய்த்ததன் பலன் என்று எடுத்துக்கொண்டார்.

இதயம் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அது கைக்கு எட்டாத இடம், தேய்க்க முடியாது.

ஒரு கோடையில், ஸ்கூட்டரைக் கழுவும்போது பாதியில் நிறுத்தி, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்காரத் தொடங்கினார். கேட்டால் வெயில் என்றார். ஆடி வந்து காற்றடித்தபோதும் உட்கார்ந்தார். பிறகு ஒருநாள் ஜி.எஸ்.டி. சாலை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் கண்விழித்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்ததாகப் பழக்கடைக்காரர் சொன்னார். மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். அவர்களுடைய ஒரே மகள் பெரும்பாக்கத்தில், பிரசவமாகிப் படுத்திருந்தாள்.

அறுவை மருத்துவர் திரையில் படத்தைக் காட்டினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள வால்வு இறுகிவிட்டது, சுண்ணாம்புபோல் படிந்து பாதிகூடத் திறப்பதில்லை, அதனால்தான் மூச்சு வாங்குகிறது, மயக்கம் வருகிறது என்றார். மாற்ற வேண்டும். தள்ளிப்போட முடியாது. இவ்வளவையும் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் மருத்துவர், "ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டி, வாய்ல இன்ஃபெக்‌ஷன் இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அதைப் பாத்துட்டுதான் நான் ஆபரேஷன் தேதி குடுப்பேன்" என்றார்.

அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். மருத்துவர் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பினோம். பல்லாவரம் தாண்டியதும் சொன்னார்: "நெஞ்ச தொறக்குறவனுக்கு வாயில இன்னா தம்பி வேலை? என் சர்வீஸ்ல ஒரு பெட்டிக்குகூட அழுக்குன்னு ரிமார்க் வந்ததில்ல."

எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொன்னேன். ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று மருத்துவர்கள் அறுதியிட்டுச் சொல்வதில்லை. புகை, சர்க்கரை போன்றவை இரண்டையுமே கெடுக்கும். ஆனால் வால்வு விஷயம் வேறு. ரத்தம் கசியும் ஈறு வழியாக வாயில் உள்ள கிருமி ரத்தத்தில் கலக்கிறது. நல்ல இதயத்தில் அது பெரும்பாலும் தங்காது. புதிதாகப் பொருத்திய வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் வாயைச் சரிசெய்யச் சொல்கிறார்கள்.

முழுக்கக் கேட்டார். "அப்ப வாய கழுவணும். அவ்ளோதானே" என்றார். குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

யார்டில் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால், முந்தின நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பெட்டிகளை மறுபடி தேய்ப்பது வழக்கமாம். அந்த வழக்கத்தை அவர் வீட்டிலும் கடைப்பிடித்தார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண் பல் மருத்துவரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமை அவர் கல்லுப்பு, அடுப்புக்கரி, சலித்த செங்கல்தூள் மூன்றையும் கலந்து, புது பிரஷ் வாங்கி, காலை, மதியம், சாயங்காலம் என்று வாயைத் தேய்த்திருக்கிறார். மறுநாள் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து, அதிகாரிக்குப் பெட்டியின் கதவைத் திறந்துவிடும் தோரணையில் வாயைத் திறந்தார்.

மருத்துவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தார். மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தார்.

"சார், நேத்து என்ன பண்ணீங்க?"

"க்ளீன் பண்ணேம்மா."

"எதால?"

அவர் சொன்னார். செங்கல்தூளை இரண்டு முறை சலித்ததையும் சேர்த்துச் சொன்னார்.

மருத்துவர் சிரிக்கவில்லை, அதை நான் இன்றுவரை மதிக்கிறேன். ஈறு முழுக்கப் புண்ணாகிவிட்டது, இந்த நிலையில் எதையும் தொட முடியாது, ஒரு வாரம் பிரஷ்ஷையே எடுக்கக்கூடாது, தான் தரும் மருந்துத் தண்ணீரைக் கொப்பளித்தால் போதும் என்றார். அதாவது ஆபரேஷன் தேதி இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போனது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏற்கெனவே கணவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். அந்த மூச்சை விழித்திருந்து கேட்டுக்கொண்டிருப்பது அக்காவின் வேலையாக இருந்தது.

பிரஷ்ஷை அக்கா அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தார். அவர் வீடெல்லாம் தேடிவிட்டு, நான் பேப்பர் கொடுக்கப் போனபோது ரகசியமாக, "தம்பி, உங்க வூட்ல புதுசா ஒண்ணு இருந்தா குடுங்க" என்றார்.

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "குடுங்க தம்பி. அப்படியே அந்த ஆபரேஷனையும் நீங்களே பண்ணிடுங்க."

வாரத்தின் நடுவில் வேறு மாதிரி ஆனார். மறுபடி பல் மருத்துவரிடம் போகமாட்டேன், ஆபரேஷனும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்.  அன்று சாயங்காலம் நான் இருக்கும்போதுதான் காரணம் வாயில் வந்தது. "ஊரெல்லாம் தேய்ச்சவன் வாய் அழுக்குன்னு எழுதி ஃபைல்ல வெச்சிக்கினு கீறாங்க. இருந்துட்டு போறேன், அழுக்கு வாயோடவே."

அழுக்கு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. மருத்துவர்கள் சொன்னது புண், இன்ஃபெக்‌ஷன். மொழிபெயர்த்தது அவர்.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.  நிமிராமலே சொன்னார்: "நீ பூட்டேன்னா இந்த வூட்ட நான் தேய்க்க மாட்டேன். தரை, சுவரு, வண்டி, எதையும் தொட மாட்டேன். எப்டி கெடக்குதோ அப்டியே கெடக்கட்டும். இப்பவே சொல்லிட்டேன்."

அவர் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஃபேனைக்கூட ஒருமுறை பார்த்தார். சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.

இந்த முறை மருத்துவர் ஊசிபோல் மெல்லிய ஒரு கருவியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, ஆழம் எவ்வளவு என்று ஒவ்வொரு பல்லாகச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டார். தன்மீது வரிசையாக ரிமார்க் எழுதப்படுவதாக அவர் நினைத்தார் என்பது நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது. அப்புறம் மருத்துவர் கீழ்ப்பல் ஒன்றின் உள்பக்கத்திலிருந்து எதையோ கொக்கியால் பெயர்த்து, வெள்ளைத் துணியில் வைத்தார். மிளகை உடைத்த பாதி அளவு. கருத்த பழுப்பு.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நகத்தால் அந்தத் துணுக்கை அழுத்திப் பார்த்தார். உடையவில்லை.

"இது எங்க இருந்துச்சு?"

"ஈறுக்கு உள்ள சார். காரை. வருஷக்கணக்கா படிஞ்சது. எவ்ளோ தேய்ச்சாலும் பிரஷ் அங்க போகாது. ஈறுதான் தேயும். இது உள்ள உறுத்தறதாலதான் ரத்தம் வருது."

கெட்ட ரத்தம் வெளியேறுகிறது என்று அவர் வாதாடுவார் என எதிர்பார்த்தேன். அவர் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எனக்கு அடையாளம் தெரிந்த ஒரு கூர்மை வந்தது. வெள்ளத்துக்கு மறுநாள் முதல் வீட்டுக்குள் நுழையும்போது இருந்தது அது.

"உப்பு" என்றார். "பெட்டில வாஷ்பேசின் பைப்புல இப்டித்தான் பிடிக்கும். புதுப்பசங்க நாள் பூரா தேய்ப்பானுங்க. பளபளன்னு ஆவும், போவாது. அடில நாறும். இத தேய்க்கக் கூடாதும்மா. செதுக்கணும்."

"அதத்தான் சார் பண்ணப்போறேன்."

"அப்ப இன்னாத்துக்கு சும்மா உக்காந்துகினு கீறீங்க?" என்று சாய்ந்து வாயைத் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் நோயாளி யார், மேற்பார்வையாளர் யார் என்று சொல்வது கடினம். அறுவை மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டு, சில நாள் இடைவெளியில் வாயின் ஒவ்வொரு பக்கமாகச் சுத்தம் செய்தார்கள். அவர் கைக்கண்ணாடி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வாய் திறந்த நிலையில் ஆள்காட்டி விரலால் இடம் காட்டினார். பின்பக்கம் விட்டுப்போச்சு என்று விரல் சொன்னது. இன்னும் உள்ளே என்றது. மருத்துவர் பொறுமையாக, "பாத்துட்டேன் சார்" என்பார். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்களையும் எடுக்க வேண்டியிருந்தது. அவற்றைக் காகிதத்தில் மடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அவற்றைச் செதுக்கிப் பார்த்ததாக அக்கா சொன்னார்.

கடைசி நாளன்று அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது. "இவ வாயயும் கொஞ்சம் பாருங்கம்மா. இவ தேய்க்கறதே கெடயாது" என்று அக்காவைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். மருத்துவர் ஒரு சுற்று பார்த்தார். ஈறு நன்றாக இருக்கிறது, இப்போது எப்படித் தேய்க்கிறீர்களோ அப்படியே தேய்த்தால் போதும் என்றார். கணவருக்கு மட்டும் பஞ்சுபோல் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து, பேனா பிடிப்பதுபோல் விரல்நுனியில் பிடிக்கச் சொன்னார். அதை அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்த விதத்தை எழுத எனக்குத் திறமை போதாது.

இரும்புலியூர் வரும்வரை ஆட்டோவில் அவர் அந்த பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். "இன்னா, சத்தத்தயே காணோம்" என்றார் அக்கா.

ஈறு ஆறியதும் பல் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அறுவை மருத்துவர் அதைப் படித்துவிட்டுத் தேதி சொன்னார். உள்ளே அழைத்துப் போகும் நாளன்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவர் அறுவை மருத்துவரைக் கேட்டார்: "வால்வுல கீறதும் அதே காரைதானா சார்?"

"இல்லை. அது வேற, இது வேற."

"செதுக்குவீங்களா?"

"செதுக்க மாட்டோம். மாத்திடுவோம்."

அவருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. பழையதை எறிந்துவிட வேண்டாம், தான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று முழுக்க அக்கா மருத்துவமனை நாற்காலியில், கையில் அவருடைய மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த டீ ஆறிப்போயிற்று. மாலையில் ஒரு நர்ஸ் வந்து, முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறார் என்று சொன்னபோது, அக்கா முதலில் அந்தக் கண்ணாடியை முந்தானையில் துடைத்தார்.

பழைய வால்வை அவருக்குக் காட்டவில்லை. பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வீடு திரும்பிய பிறகு அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அக்கா என்னைப் படிக்கச் சொன்னார். வால்வில் சுண்ணாம்புப் படிவு இருந்தது. கிருமி எதுவும் இல்லை.

"வாய செதுக்குனதாலதான் இல்லயா தம்பி? இல்ல, செதுக்காம விட்டிருந்தாலும் இருந்திருக்காதா?" என்று அக்கா கேட்டார்.

அது இந்த அறிக்கையில் இல்லை என்றேன்.

அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் இரண்டு பேரும் பெரும்பாக்கத்துக்கு, மகள் இருக்கும் கட்டடத்துக்கே குடிபோனார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் நடுவில் எங்கும் உட்காராமல் ஏறிவிடுகிறாராம்.